காப்பியில் கழுவலாம், காப்பி அடிக்க முடியாது

இந்த செமஸ்டர்ல ஹாஸ்டல் பக்கம் அடிக்கடி காதுல விழுற கேள்வி: "பிலிம் கேமரா ஒண்ணு வாங்கலாமா மச்சி?" இன்ஸ்டாவில் அந்த வெளிறிய கலரையும் தூசியையும் கீறலையும் பார்த்து வர்ற ஆசை இது. அந்த லுக் மட்டும்தான் வேணும்னா தயவுசெய்து வாங்காதீங்க. போன்ல ஒரு ஃபில்டர் போதும். கலர் ரோல் ஒண்ணு வாங்கி, பெங்களூரு லேபுக்கு அனுப்பிக் கழுவி, ஸ்கேன் கைக்கு வர்றதுக்குள்ள ஆயிரம் ரூபாயைத் தாண்டிடும். 36 படத்துக்கு அது நம்ம பாக்கெட்டுக்குப் பெரிய காசு.

ஆனா பிலிம் பக்கம் வர்றதுக்கு வேற ஒரு நல்ல காரணம் இருக்கு. நாலு வருஷத்துல எத்தனை லேப் போறோம்? ரீடிங் என்ன வரணும்னு உள்ளே போறதுக்கு முன்னாடியே தெரியும். வரலைன்னா சீனியரோட ரெக்கார்ட் நோட் கை கொடுக்கும். கிராஃப் அழகா நேர்க்கோட்டில் வரும், மார்க்கும் வரும். கருவி உண்மையில் என்ன சொன்னது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. பிலிமில் அந்த வசதி கிடையாது. உங்க ரோலுக்கு எந்த சீனியரும் ரெக்கார்ட் எழுதி வைக்கலை. அதனால்தான் சொல்றேன்: முதல் ரோல் கருப்பு வெள்ளையா இருக்கணும், அதை நீங்களே கழுவணும்.

ஏன் லேபுக்கு அனுப்பக் கூடாது? லேபில் ஸ்கேன் பண்ணும்போதே சாஃப்ட்வேர் உங்க எக்ஸ்போஷர் தப்பைப் பெரும்பாலும் சரி பண்ணிடும். மெயிலில் அழகான படம் வரும். எங்கே தப்பு பண்ணீங்கன்னு தெரியாமலே அடுத்த ரோல் வாங்குவீங்க. நெகட்டிவ் கையில் இருந்தா அது பொய் சொல்லாது. ஒரு உதாரணம்: பிலிமோட ஓரத்தில் இருக்கிற எண்களும் எழுத்துகளும் ஃபேக்டரியிலேயே ஒளியால் பதிக்கப்பட்டவை. கழுவின ரோலில் படமே இல்லை, ஆனா ஓர எண்கள் தெளிவா இருக்குன்னா, கழுவினது சரி. பிலிம் கேமராவுக்குள்ள நகரவே இல்லை, அல்லது ஷட்டர் திறக்கலை. ஓர எண்களும் இல்லைன்னா, கெமிக்கலில் கோளாறு. ரோல் முழுக்கக் கருப்பா இருந்தா எங்கேயோ வெளிச்சம் புகுந்திருக்கு. எந்தக் கட்டத்தில் கோளாறுன்னு பிரிச்சுப் பார்க்கிற இந்தப் பழக்கத்தைத்தானே டிபக்கிங்னு சொல்றோம்?

கேமராவுக்கு ஆன்லைனில் பணத்தைக் கொட்ட வேண்டாம். முதல்ல வீட்டு பீரோவைத் தேடுங்க, சித்தப்பா, மாமாவைக் கேளுங்க. வாங்கித்தான் ஆகணும்னா பேட்டரி இல்லாமலே ஷட்டர் அடிக்கிற மெக்கானிக்கல் கேமரா பாருங்க. 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000 அந்த வகை. அதில் பேட்டரி லைட் மீட்டருக்கு மட்டும்தான். பின்மூடியைத் திறந்து ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டரை அடிச்சுப் பாருங்க. லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்க, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருந்தா விட்டுடுங்க. மெதுவான வேகத்தில் வைக்கும்போது ஒரு "ஸ்ஸ்ஸ்" சத்தம் கேட்கும். சின்ன பல்சக்கரங்கள் நேரத்தை எண்ணி விடுற சத்தம் அது. மெக்கானிக்கல் வாட்ச் ஓடுறதும் கிட்டத்தட்ட இதே தத்துவம்தான். டைட்டன் வாட்ச் செய்யுற ஓசூர்ல இருந்துகிட்டு இதைக் கவனிக்காம விடலாமா?

வெளிச்சத்தை அளக்க மீட்டர்கூட வேண்டாம். நல்ல வெயிலில் அபர்ச்சரை 16-ல் வைங்க. ஷட்டர் வேகம் பிலிமோட ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஐ.எஸ்.ஓ. 100 பிலிம்னா 1/125 நொடி. மேகம் மூடினா 8-க்கு வாங்க. சந்திரசூடேஸ்வரர் மலை மேல மத்தியானம் நின்னாலும் சரி, சிப்காட் ஷிப்ட் முடிஞ்சு சைக்கிளும் பஸ்ஸும் வெளியே வர்ற சாயங்காலம் ஆனாலும் சரி, ஒவ்வொரு படத்துக்கும் அபர்ச்சர், வேகம், வெளிச்சம் மூணையும் நோட்டில் எழுதுங்க. இது யாருக்கும் சப்மிட் பண்ணாத அப்சர்வேஷன் நோட். ஆளைப் படமெடுக்கும் முன்னாடி கேளுங்க. தமிழோ கன்னடமோ தெலுங்கோ, இந்த எல்லையில் ஏதாவது ஒண்ணு கை கொடுக்கும்.

இப்போ கழுவுற கதை. பிலிமில் ஜெலட்டினுக்குள்ள வெள்ளி உப்புத் துகள்கள் இருக்கு. ஒளி பட்ட துகளை டெவலப்பர் வெள்ளியா மாத்தும். ஒளி படாததை ஹைப்போ, அதாவது சோடியம் தயோசல்ஃபேட், கரைச்சு எடுத்துடும். அவ்வளவுதான். 1995-ல் அமெரிக்காவின் ராசெஸ்டர் தொழில்நுட்பக் கல்லூரியில் ஸ்காட் வில்லியம்ஸ் என்ற ஆசிரியரும் அவர் வகுப்பு மாணவர்களும் காப்பியை வெச்சே டெவலப்பர் செஞ்சாங்க. கேஃபனால்னு பேர். காப்பியில் இருக்கிற கேஃபிக் அமிலம் மாதிரியான பீனால் பொருட்கள்தான் வேலை செய்யுது, கேஃபின் இல்லை. இன்னைக்குப் பரவலா இருக்கிற அளவு, ஒரு லிட்டர் தண்ணிக்கு: நீரற்ற சலவை சோடா 54 கிராம் (ஆப்ப சோடா இல்லை), வைட்டமின் சி பொடி 16 கிராம், சிக்கரி கலக்காத இன்ஸ்டன்ட் காப்பி 40 கிராம். 20 டிகிரியில் 15 நிமிஷம். நாத்தம் குடலைப் புரட்டும். ரூம்மேட்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. மெஸ் பாத்திரத்தைத் தொடாதீங்க, கையுறை போடுங்க.

அந்த 20 டிகிரியில்தான் நம்ம ஊர் பாடம் இருக்கு. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கு. மார்கழியில் குழாய்த் தண்ணியே அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் வரும். கீழே கிருஷ்ணகிரியில் சித்திரை மாசம் மொட்டை மாடி டேங்க் தண்ணியில் கழுவினா படம் கருகிப் போகும். ஐஸ் கட்டி வேணும். சூடு கூடினா ரசாயன வினை வேகமாகும்னு பரீட்சையில் எழுதுறோம். இங்கே அது உங்க படத்திலேயே தெரியும்.

இன்னொண்ணு, இது கட்டாயம். பயன்படுத்தின ஹைப்போவில் வெள்ளி கரைஞ்சிருக்கும். நீரில் வாழுற உயிர்களுக்கு அது நஞ்சு. கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குறதைப் பார்த்து ஃபேக்டரிகளைத் திட்டுற நாம, அதே தப்பைச் சின்ன அளவில் சிங்க்கில் பண்ணக் கூடாது. கேனில் சேர்த்து வைங்க. துரு பிடிக்கிற ரகமான இரும்பு நாரை அதில் போட்டா இரும்பு கரைஞ்சு வெள்ளி வெளியே படியும். முதல் வருஷம் படிச்ச இடப்பெயர்ச்சி வினைதான். மீதியை கெமிஸ்ட்ரி லேபில் ஒப்படைங்க.

"இதெல்லாம் பழசுடா, யாருக்கு வேணும்?"னு கேட்பாங்க. பழசுதான். ஆனா நமக்குத் தூரமான பழசு இல்லை. மத்திய அரசு 1960-ல் ஊட்டியில் ஆரம்பிச்ச இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் 1967 முதல் 'இந்து' என்ற பேரில் பிலிம் தயாராச்சு. பிறகு நஷ்டத்தில் மூழ்கி அந்த ஆலை மூடப்பட்டது. பிலிமை இருட்டில் தொட்டே சுருளில் ஏத்தத் தெரிஞ்ச கைகள் மட்டும் இன்னும் நம்ம பக்கத்திலேயே இருக்கு. ஓசூர் பாகலூர் ரோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ, முப்பது வருஷமா ஸ்டுடியோ நடத்துற அண்ணன் யாரையாவது பாருங்க. இன்னைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துத் தர்ற அவருக்கு, கழுவுற வேலை கைப்பழக்கம். பரணில் ஒரு டேங்க்கூடக் கிடக்கலாம். அவர் சொல்லித் தர்ற அரை மணி நேரம் எந்த வீடியோவிலும் கிடைக்காது.

தனியா செலவு பண்ணவும் வேண்டாம். எட்டுப் பேர், ஒரு கேமரா, ஒரு ரோல்: ஆளுக்கு நாலு படம், மீதி நாலு சோதனைக்கு. கழுவ ஒரு சனிக்கிழமை மத்தியானம் கெமிஸ்ட்ரி லேபைக் கேளுங்க. ஹெச்.ஓ.டி. மறுத்தா, இது இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரி சிலபஸைவிட எந்த விதத்தில் குறைஞ்சதுன்னு மரியாதையா கேளுங்க. முதல் ரோலில் பாதி வீணாகும். அந்தப் பாதி ஏன் வீணாச்சுன்னு உங்க நோட்டைப் பார்த்து உங்களால சொல்ல முடிஞ்சா, அந்த லேபில் நீங்க பாஸ்.