காருக்கு 5, அதன் உயிருக்கு 18! இது என்ன நியாயம்?

"இனி பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டாம் சார்!"

மின்சாரக் கார் விற்கும் இடங்களில் தினமும் கேட்கும் வசனம் இது. அதில் பொய் இல்லை. வீட்டிலேயே சார்ஜ் ஏற்றினால், ஓட்டும் செலவு பெட்ரோல் காரைவிட மிகக் குறைவுதான்.

"சரி, பேட்டரி போச்சுன்னா எவ்வளவு ஆகும்?" என்று கேட்டால் மட்டும் விற்பவரின் குரல் இறங்குகிறது. "8 வருஷம் வாரண்டி இருக்கு சார். இப்ப எதுக்கு அந்தக் கவலை?"

கவலைப்பட வேண்டியது இப்போதுதான்! காரின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பேட்டரிக்கே போகிறது. முழுதாக மாற்ற நேர்ந்தால் செலவு ஆயிரத்தில் நிற்காது, லட்சத்துக்குப் போகும்.

மெல்லத் தேயும்

பேட்டரி ஒரே நாளில் படுத்துவிடுவதில்லை. மெல்ல மெல்லத் தேய்கிறது. பல கார்களுக்கு வாரண்டி 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோ மீட்டர். எது முந்துகிறதோ அது. அதிலும், திறன் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் பல கம்பெனிகள் பொறுப்பேற்கும். 250 கிலோ மீட்டர் ஓடிய கார் 180-தான் ஓடுகிறது என்றால், "இது சகஜம்" என்று பதில் வரும்.

வெயிலும் பேட்டரிக்கு எதிரி. அமெரிக்காவில் வெயில் கொளுத்தும் அரிசோனாவில், 2012-ல் நிஸான் லீஃப் கார் வைத்திருந்தவர்கள் 'ஓடும் தூரம் சீக்கிரமே குறைந்துவிட்டது' என்று கொதித்தார்கள். அதன் பிறகே திறன் குறைவுக்கும் அந்தக் கம்பெனி வாரண்டி கொடுத்தது. இன்று பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் வசதி உண்டு, ஆயுளும் கூடியிருக்கிறது. ஆனாலும், கத்திரி வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் சென்னைக் கார்களுக்கு அரிசோனா ஒரு பாடம்.

யார் தலையில்?

புது மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2019 ஆகஸ்டு முதல் இந்தச் சலுகை. அதே காருக்கு லித்தியம் பேட்டரியைத் தனியாக வாங்கினால் 18 சதவீதம்! பேட்டரி விலை 5 லட்சம் என்றால் வரி மட்டும் 90 ஆயிரம் ரூபாய். காருக்குரிய வரி என்றால் 25 ஆயிரத்தோடு போகும்.

இந்தச் சுமை முதலில் வாங்கிய வசதிக்காரர் தலையில் விழாது. அவர் ஆறாம் ஆண்டே விற்றுவிட்டு அடுத்த கார் எடுத்துவிடுவார். சேமிப்பைப் போட்டுப் பழைய கார் வாங்கும் குமாஸ்தாவும் சிறு கடைக்காரரும்தான் மாட்டிக்கொள்வார்கள்.

மாற்று பேட்டரிக்கும் வரியை 5 சதவீதம் ஆக்க வேண்டும். பேட்டரியின் விலையைக் காரின் விலைப் பட்டியலிலேயே அச்சடிக்க வேண்டும். பழைய கார் கைமாறும்போது, பேட்டரியில் எத்தனை சதவீதம் மிச்சம் என்று சான்று தர வேண்டும்.

மாடு வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். கார் வாங்குகிறவர் பேட்டரியைக் கேட்டால் என்ன தப்பு?