பஸ்ஸில் ஏறினால் தாகம் எடுக்காதா?

நான்கு நாள் சுற்றுலா. புதுச்சேரியில் தொடங்கி சிதம்பரம், கங்கைகொண்ட சோழபுரம், தஞ்சை, மதுரை. புறப்படும் முன் வழிகாட்டி ஆயி மண்டபத்தைக் காட்டினார். ஊருக்குத் தண்ணீர் கிடைக்கத் தன் மாளிகையையே இடித்துக் குளம் வெட்டினாளாம் ஆயி. உருகிக் கேட்டோம்.

பஸ் கிளம்பியதும் பெண்கள் யாராவது ஒரு வாய் தண்ணீர் குடிக்கணுமே! "ஏன்க்கா?" என்றேன், பக்கத்து ஸீட் அம்மாளிடம். "வண்டி எங்கே நிக்குமோ, நமக்கெதுக்கும்மா வம்பு!"

1010-ல் ராஜராஜன் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்கும்போதே அக்காவுக்கு நீர்க்கடுப்பு. ராத்திரி நடுக்கத்தோடு ஜுரம். மதுரை வரை வந்தும் மீனாட்சியைப் பார்க்காமல் லாட்ஜில் படுத்துக் கிடந்தார், பாவம். தண்ணீரையும் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் கிருமிக்குக் கொண்டாட்டம் என்றார் டாக்டர்.

பணம் கட்டும்போதே கேட்டுவிடுங்கள்: இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்குமா? (இதில் என்ன வெட்கம்?) காய்ச்சி ஆறிய தண்ணீர் கையோடு இருக்கட்டும். நீர்க்கடுப்புடன் ஜுரமும் முதுகுவலியும் சேர்ந்தால், இளநீர், மோர் என்று நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

திரும்பும் வழியில் அக்காவே குரல் கொடுத்தார்: "தம்பி, கொஞ்சம் நிறுத்துப்பா!" வண்டி நின்றது. அவரோடு இறங்கியவர்கள் 11 பேர்!