அழைப்பு யாருக்கு?
ஸ்னூக்கரில் 'மாஸ்டர்ஸ்' போட்டிக்கு யாரும் விண்ணப்பிக்க முடியாது. 1975இல் லண்டனில் தொடங்கிய அதற்கு இன்று உலகத் தரவரிசையின் முதல் 16 பேரைத்தான் அழைக்கிறார்கள். திறமைக்கான அழைப்பு, நியாயந்தான். ஆனால் கியூவைத் தொடவே வழியில்லாத பிள்ளை தரவரிசைக்குள் எப்படி வரும்? 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்ற எம்.ஜே.எம். லாபீர் நம் இலங்கையர்தான்; திறமை இங்கே இல்லாமலில்லை. ஸ்னூக்கர் விதிகளை எழுதி மாட்டியது இந்தியாவின் ஊட்டி கிளப்பில்; அதுவும் நம் மலையகம் போலத் தேயிலை மலை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமோ நம் தெல்தோட்டைக்குப் பக்கம். தோட்டத் துரைமார் கிளப்புகளில் பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. லயத்துப் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. பிரதேச சபையினரே, தெல்தோட்டையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக ஒரு மேசையாவது போடுங்கள்.