நெசவாளரின் கால்



ஆரணியில் தறியோசை நின்றுபோன வீட்டிற்கு ஆறுதல் சொல்லச் செல்லுங்கால், "மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்தினீர்களா?" என்றும் நாம் கேட்பதுண்டு. ஆறுதல் மொழி மட்டும் அடுப்பெரிக்காது அன்றோ?

லாரி மோதிக் காலொடிந்தவருக்கு 30 விழுக்காடு ஊனம் என மருத்துவர் சான்று தரலாம். எழுத்தர் அக்காலோடு பணிக்குத் திரும்பக்கூடும்; குழித்தறியில் மிதித்து நெய்பவருக்கோ பிழைப்பே போய்விடும். உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. இடக்கை இழந்த தச்சரின் இழப்பு ஏறத்தாழ முழுமையானது. எழுத்தருக்கு அப்படியன்று என்பது அத்தீர்ப்பே காட்டும் உதாரணம்.

ஆகவே முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், மருந்து ரசீதுகள் ஆகியவற்றோடு, கூட்டுறவுச் சங்கத்தின் அல்லது முதலாளியின் கூலிக் கணக்கையும் தேடி வையுங்கள். சிகிச்சையளித்த மருத்துவரைச் சாட்சியாக அழையுங்கள். எவ்வசைவு இனி இயலாது என்பதை அவர் கூறுவார். வருமான இழப்பைத் தீர்ப்பாயம் கணிக்கும். சட்டம் குறிக்கும் 6 மாதத்திற்குள் மனுச் செய்யுங்கள்.

இழந்ததைக் கேட்பது இரத்தல் அன்று, உரிமை. இழக்காததைக் கேட்பதோ களவு.