விருப்பத் தெரிவில் முதலாவது எது?

எங்கள் ஊரில் ஒரு பெண்பிள்ளை உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிறாள் என்றால், "ஒலுவில் கிடைச்சாப் போதும்தானே மகள்?" என்று கேட்காதவர்கள் குறைவு. நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் 'போதும்' என்ற சொல்லோடுதான் உடன்பாடில்லை.

பேராதனை, மொறட்டுவை, காலியில் ருகுணு, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், ஒலுவிலில் தென்கிழக்கு என்று பொறியியல் பீடங்கள் பல இருக்கின்றன. இவற்றுக்கு நுழைவுத் தகைமை ஒன்றேதான்: இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றிலும் சித்தி, பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. படிப்பு நான்கு வருடம், ஆங்கில மொழியில். வேறுபடுவது இஸட் வெட்டுப்புள்ளி மட்டும்.

அந்த வெட்டுப்புள்ளியும் எங்களுக்கு எதிராக வைக்கப்பட்டதல்ல. அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பப் பிரிபடுகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. திருகோணமலை அதில் ஒன்று. கொழும்பு மாணவியோடு நேருக்கு நேர் ஓடவேண்டிய கட்டாயம் எங்களுக்கு இல்லை.

பிறகு எங்கே கோட்டை விடுகிறோம்? விண்ணப்பப் படிவத்தில். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எங்கள் விருப்பத் தெரிவுகளை நாங்கள் எழுதிய வரிசையிலேயே பார்க்கிறது. முதலாவதாக ஒலுவிலை எழுதி, அதற்குப் புள்ளி போதுமென்றால் ஒலுவில்தான் கிடைக்கும். அதே புள்ளி மொறட்டுவைக்கும் போதுமாக இருந்திருந்தாலும் யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். மாறாக மொறட்டுவையை முதலில் எழுதி அது தவறினால், ஒலுவில் அடுத்த வரியில் காத்துக்கொண்டிருக்கும். மேலே எழுதுவதால் கீழே உள்ளது பறிபோகாது. இந்தச் சின்ன விடயம் பல வீடுகளில் தெரியாது.

ஒலுவிலைக் குறைத்துச் சொல்லவில்லை. சிவில், மின், இயந்திரவியல், கணினி எல்லாம் அங்கே உண்டு. கரையோரப் பாதையில் பஸ் ஏறினால் போய்விடலாம். சாப்பாடு, தொழுகை, உடை எதிலும் பிள்ளைக்கு அந்நியம் தோன்றாது. சிவில் படிக்க விரும்புகிறவள் அதை முதலில் எழுதினால் அது நல்ல தெரிவுதான். ஆனால் இரசாயனப் பொறியியலில் மனம் உள்ளவளுக்குப் பேராதனையும் மொறட்டுவையும் வேண்டும். அவளையும் தூரத்தைக் காட்டி நிறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்த வழியாகத் திருகோணமலைக்குப் போனவர்கள் பாதையில் ஏறி இறங்கித்தான் போனார்கள். எங்கள் உம்மாமாருக்கு மாவட்டத் தலைநகரே தூரம்தான். தூரத்தைக் குறைத்தவர்களும் பொறியியலாளர்கள்தானே!

இன்னொரு குழப்பத்தையும் சொல்லவேண்டும். 2013 இல் தொழில்நுட்பப் பிரிவு வந்தபின், 'பொறியியல் தொழில்நுட்பம்' படித்தாலும் பொறியியல் பீடத்துக்குப் போகலாம் என்று நம்பிச் சேருபவர்கள் இருக்கிறார்கள். போகமுடியாது. அதற்குத் தொழில்நுட்பப் பீடங்கள் தனியே உண்டு, பட்டமும் வேறு. அது மோசமான பட்டமல்ல, ஆனால் வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் வெளிநாடுகளில் ஏற்கப்படும் பொறியியல் பட்டம் அதுவல்ல. சாதாரண தரப் பெறுபேறு கையில் வந்த வாரத்திலேயே இதைப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும். இரண்டு வருடம் கழித்துச் சொல்லிப் பயனில்லை.

ஆணைக்குழுவின் கைநூல் தமிழிலும் வெளிவருகிறது. அதை நூலகத்தில் அடுக்கி வைப்பதோடு விட்டுவிடாமல், விண்ணப்பம் நிரப்பும் மாதத்தில் ஒரு பின்னேரம் வாப்பா, உம்மாவையும் கல்லூரிக்கு அழைத்து, வெட்டுப்புள்ளி அட்டவணையில் திருகோணமலை என்ற வரியை அவர்களையே விரல் வைத்து வாசிக்கச் செய்யலாம். அதன்பிறகும் ஒலுவில்தான் முதலாவது என்று முடிவெடுத்தால், எழுதட்டும்.