அசம்பாவிதம் என்றொரு சொல்

டிசம்பர் மூன்றாவது வாரம் வந்துவிட்டால் ஆரம்பப் பள்ளிகளில் பாடம் நடப்பதாக யாரும் பாவனைகூடச் செய்வதில்லை. கேரளத்தில் தேர்வு முடிந்த கையோடு காகித நட்சத்திரங்களும் ஆளுக்கொரு கேக் துண்டும். கோவாவில் வகுப்பறை மூலையில் வைக்கோல் பரப்பிக் குடில் கட்டுகிறார்கள். தமிழ்நாட்டில் பல பள்ளிகளுக்குச் சவுக்குக் கிளைதான் கிறிஸ்துமஸ் மரம். தில்லி, சண்டீகர் பக்கம் குளிர்கால விடுமுறைக்கு முன்னால் ஆண்டு விழாவையும் கிறிஸ்துமஸையும் ஒரே மேடையில் முடித்துவிடும் பள்ளிகள் உண்டு.

அந்த மேடையைப் பார்க்க வேண்டும். மேரியாக நிற்பவள் ஒரு சர்தார்ஜி வீட்டுப் பெண். ஜோசப்பின் ஒட்டுத்தாடி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது. தலையில் குளியல் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கும் மூன்று மேய்ப்பர்களில் ஒருவன் தமிழ்ப் பையன். அவனுக்கு வசனமே கிடையாது. ஆனாலும் வீட்டில் ஒரு வாரமாக ஒத்திகை நடந்திருக்கிறது. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டிய ஆட்டுக்குட்டிகள் எல்.கே.ஜி.யிலிருந்து வந்தவை, அவற்றில் ஒன்று அம்மாவைத் தேடி அழுகிறது. இது யாருடைய பண்டிகை என்ற கேள்வி அந்த வயதில் எழுவதில்லை. மத நல்லிணக்கம் பற்றி நாம் எழுதிக் குவித்த கட்டுரைகளைவிட இந்த இருபது நிமிட நாடகம் எவ்வளவோ மேல்.

இதே காட்சியை ஒரு தீயணைப்பு வீரர் வேறு விதமாகப் பார்ப்பார். பஞ்சு, தெர்மகோல், ஜிகினாத் தாள், நைலான் உடை - எல்லாம் நொடியில் பற்றிக்கொள்பவை. தலைக்கு மேல் ஷாமியானா துணி. ஒரே பிளக்கில் நாலைந்து சீரியல் விளக்கு வரிசைகள். மேடையோரம் ஜெனரேட்டரிலிருந்து இழுத்து வந்த ஒயர், அதன் மேல் ஜமக்காளம். நடுவில் நடக்க வழி விடாமல் நெருக்கிப் போட்ட நாற்காலிகள். பின்வாசலில் பூட்டு, அழைப்பிதழ் இல்லாதவர்கள் நுழைந்துவிடக் கூடாதே என்ற முன்ஜாக்கிரதை.

மொழிபெயர்ப்பு வேலையில் இருப்பதால் பள்ளிகளின் சுற்றறிக்கைகளும் அவ்வப்போது என் மேஜைக்கு வரும். விழா, சுற்றுலா என்று எதற்கான கடிதமானாலும் கடைசி வரி அநேகமாக மாறுவதில்லை. 'நிகழ்ச்சியின்போது ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.' அதற்குக் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. நாமும் கையெழுத்துப் போட்டுக் குழந்தையின் டயரியில் சொருகி அனுப்பிவிடுகிறோம்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வடமொழியில் சம்பாவிதம் என்றால் நடக்கக்கூடியது. அசம்பாவிதம் என்றால் நடக்கச் சாத்தியமில்லாதது, யாரும் எண்ணிப் பார்த்திருக்க முடியாதது. நாளிதழ்த் தமிழில் அது விபத்து, கலவரம், உயிர்ச்சேதம் எல்லாவற்றுக்குமான பொதுச்சொல்லாகிவிட்டது. 'அசம்பாவிதம் எதுவுமின்றித் தேர்தல் முடிந்தது' என்று எழுதுவதில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் பள்ளிக்கூடச் சீட்டில் அது வரும்போது பழைய பொருள் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாராலும் ஊகிக்க முடியாத ஒன்றுக்கு யார்தான் பொறுப்பேற்க முடியும் என்று அந்தச் சொல்லே வாதாடுகிறது.

அந்த வாதம் எவ்வளவு பொய் என்பதற்கு ஹரியாணாவில் ஓர் ஊர் சாட்சி. சிர்சா மாவட்டத்தில் பஞ்சாப் எல்லையை ஒட்டி இருக்கிறது மண்டி டப்வாலி. 1995 டிசம்பர் 23, சனிக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் இருந்தது. தனியார் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவும் பரிசளிப்பும் ஊரில் இருந்த கல்யாண மண்டபத்தில் நடந்தன. குளிருக்காகவும் அலங்காரத்துக்காகவும் மேலே செயற்கை இழைத் துணியில் பந்தல். உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள்: குழந்தைகள், தாய்மார், தாத்தா பாட்டிகள், கைக்குழந்தைகள்.

பிற்பகலில் மின்கசிவால் வாசல் பக்கம் பந்தலில் தீப்பிடித்தது. துணி உருகித் தலைமேல் சொட்டியது. எல்லோரும் ஓடிய திசையில் வாசல் ஒன்றுதான். தீயும் அங்கேதான் இருந்தது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தவர்கள் 442 பேர் என்று கணக்கு. அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். தீக்காயங்களோடு தப்பியவர்களுக்கு அந்தச் சின்ன ஊரில் வைத்தியம் இல்லை. வெளியூர்களுக்குக் கொண்டு ஓட வேண்டியிருந்தது. இன்று அந்த இடத்தில் நினைவு மண்டபம் இருக்கிறது. சுவரில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் படங்கள் வரிசையாக.

இதில் எது எண்ணிப் பார்க்க முடியாதது? எளிதில் பற்றும் துணி, நெரிசல், ஒற்றை வாசல் - மூன்றும் முதல் நாளே அங்கே கண்ணுக்குத் தெரிய இருந்தவை. ஒரு மின்பொறி மட்டும்தான் பாக்கி.

தங்கள் பிள்ளைகளுக்கு நேர்ந்தது விதியல்ல, கவனக்குறைவு என்று நிரூபிக்க டப்வாலிப் பெற்றோர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள். பஞ்சாப் - ஹரியாணா உயர்நீதிமன்றத்தின் நஷ்டஈட்டுத் தீர்ப்பு 2009இல் வந்தது. பதினான்கு ஆண்டுகள். விழா நடத்தியவர்கள் மட்டுமல்ல, கண்காணிக்கத் தவறிய அரசும் சேர்ந்து கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிர்வாகம் பொறுப்பல்ல என்று சீட்டில் அச்சடிப்பவர்கள் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

அதே 2009இல் உச்ச நீதிமன்றத்திலிருந்தும் ஒரு முக்கியமான தீர்ப்பு வந்தது. அதன் வேர் நம் கும்பகோணத்தில் இருக்கிறது. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் 94 பேர் கூரைத் தீயில் மாண்டார்கள். அதையொட்டித் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், கல்வி பெறும் உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் பொருள் கட்டிடத்தில் இருக்கக் கூடாது, ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் கருவியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்றெல்லாம் உத்தரவிட்டது.

ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. 1997 நவம்பரில் தில்லி வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்த பிறகு பள்ளி வாகனங்களுக்கு விதிகள் வந்தன. 2016இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் பள்ளிப் பாதுகாப்புக் கொள்கைக்கு வழிகாட்டி வெளியிட்டது. 2021இல் கல்வி அமைச்சகம் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பை வரையறுத்துத் தனியாக ஒன்றை வெளியிட்டது. நம் பள்ளிப் பாதுகாப்பு விதிகளைப் பிரித்துப் பார்த்தால் பல விதிகளுக்குப் பின்னால் ஓர் ஊரின் பெயர் இருக்கும்.

விதி வந்த பிறகும் ஊர்களின் பட்டியல் நிற்கவில்லை. 2017 ஜனவரி 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் எட்டா மாவட்டத்தில் பனிமூட்டத்தில் பள்ளிப் பேருந்தும் லாரியும் மோதிப் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். குளிரை முன்னிட்டுப் பள்ளிகளுக்கு விடுமுறை விடச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவிட்டிருந்த நாள் அது. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில் ஹர்ணி ஏரிக்குப் பள்ளிச் சுற்றுலா போன குழந்தைகளில் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் படகு கவிழ்ந்து மூழ்கினார்கள். படகில் அளவுக்கு மேல் ஆட்கள். எல்லோருக்கும் மிதவைச் சட்டை இல்லை. டிசம்பர், ஜனவரி மாதங்கள் வட இந்தியக் குழந்தைகளுக்கு விழாக்காலமும் சுற்றுலாக் காலமும் பனிக்காலமும் சேர்ந்தவை. இம்மாதங்களில் எது நடக்கக்கூடும் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

அதிகாரிகள் கவனம் இல்லாதவர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. 2023 டிசம்பரில் மத்தியப் பிரதேசத்தின் ஷாஜாபூர் மாவட்டக் கல்வித் துறை பள்ளிகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பியது. குழந்தைகளுக்குக் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமோ வேறு வேடமோ போடுவதற்கு முன் பெற்றோரின் எழுத்துபூர்வமான அனுமதி வாங்க வேண்டும், மீறினால் நடவடிக்கை. பெற்றோரைக் கேட்பது நல்ல பழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் குழந்தை எந்த வேடம் போடுகிறது என்று கேட்கும் அதே காகிதத்தில், அந்த வேடம் எந்தத் துணியில் தைத்தது, மேடைக்குப் பின்னால் கதவு இருக்கிறதா என்று இரண்டு வரி சேர்த்துக் கேட்டிருக்கலாமே. ஒரு மாவட்டம் முழுவதற்கும் இவ்வளவு சுலபமாகச் செய்தி அனுப்ப முடிகிறது என்பதாவது தெரிந்தது.

பழியை முழுவதும் நிர்வாகத்தின் தலையில் போடுவதும் நியாயமில்லை. ஆண்டு விழாவில் ஒவ்வொரு குழந்தையும் மேடையேறியாக வேண்டும் என்று நிற்பவர்கள் நாம்தான். பள்ளிக்கும் அது விளம்பரம். முந்நூறு குழந்தைகள் ஆடினால் பார்க்க அறுநூறு, எழுநூறு பேர் வருவார்கள். பள்ளியில் இடம் போதாது. கல்யாண மண்டபமோ பந்தலோ வேண்டும். இதற்கிடையில் நாற்பது, ஐம்பது பிள்ளைகளுக்கு உடை மாட்டி, பின் குத்தி, சிறுநீர் கழிக்க அழைத்துப் போய், அழுகிறவனைத் தேற்றி மேடைக்கு அனுப்புவது ஓர் ஒற்றை ஆசிரியை. அவசரத்தில் அவர் யாரை முதலில் தூக்குவார் என்று நாம் யோசிப்பதே இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் இரண்டு பேர் சேர்ந்து நடக்க ஒரு வழி. நிகழ்ச்சி முடியும்வரை எல்லா வாசல்களும் பூட்டாமல், பக்கத்தில் ஓர் ஆள். அழைப்பில்லாதவரைத் தடுக்க அந்த ஆள் போதும், பூட்டு வேண்டாம். மெழுகுவர்த்திக்குப் பதில் பாட்டரி விளக்கு. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பஞ்சுத் தாடியைவிட வெள்ளைச் சாயம் பூசிய மோவாய் நல்லது, பையன் இன்னும் அழகாகவே இருப்பான். மின் இணைப்புகளை முந்தின நாள் ஒரு எலெக்ட்ரீஷியன் பார்த்துவிட வேண்டும். தீயணைப்புக் கருவி கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் பின்னை எப்படி உருவுவது என்று குறைந்தது நான்கு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் யோசிப்பதில்லை. ஆபத்து என்றால் தாய் தகப்பன் வாசலை நோக்கி ஓடமாட்டார்கள். பிள்ளை இருக்கும் மேடையை நோக்கி ஓடுவார்கள். பிள்ளைகளோ பெற்றோரைத் தேடி எதிர்ப்பக்கம் ஓடும். நெரிசல் அங்கேதான் பிறக்கிறது. நிகழ்ச்சி தொடங்குமுன் தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் ஒரு நிமிடம் பேசினால் இதைத் தவிர்க்கலாம்: ஏதாவது நேர்ந்தால் குழந்தைகளை ஆசிரியர்கள் மேடைப் பக்க வாசல் வழியாக மைதானத்தின் இன்ன மூலைக்குக் கொண்டு வருவார்கள், நீங்கள் உங்கள் பக்கத்து வாசல் வழியாக அங்கே வாருங்கள். வரவேற்புரையில் இரண்டு பொன்னாடைகளைக் குறைத்தால் அந்த ஒரு நிமிடம் கிடைத்துவிடும்.

விழா முடிந்த பிறகான அரைமணி நேரமும் ஆபத்தானது. இருட்டிவிட்டது, வடக்கே என்றால் பனி வேறு. எல்லாக் குழந்தைகளும் ஒரே சிறகு, ஒரே முகப்பூச்சு, அடையாளம் தெரியாது. 'மாமா வந்தார், கூட்டிப் போனார்' என்று பின்னால் சொல்லிப் பயனில்லை. வகுப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, கையெழுத்து வாங்கி ஒவ்வொரு பிள்ளையாக ஒப்படைப்பதும், ஆட்டோவிலும் வேனிலும் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவதும் விழாவின் கடைசி நிகழ்ச்சியாக இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் விழாவின் சந்தோஷத்தைக் குறைக்காது. ஒட்டுத்தாடி கழன்று விழத்தான் போகிறது; ஆட்டுக்குட்டி அழத்தான் போகிறது. விழாவே வேண்டாம் என்று ரத்து செய்துவிடுவது சோம்பேறிகளின் பாதுகாப்பு.

இந்த ஆண்டும் டயரியில் அந்தச் சீட்டு வரும். கையெழுத்துப் போடுங்கள், குழந்தை ஒரு மாதமாகக் காத்துக்கொண்டிருக்கிறது. போட்ட கையோடு கீழே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: 'விழா நடக்கும் இடத்துக்கு எத்தனை வாசல்? பின்வாசல் சாவி யாரிடம் இருக்கும்?' ஒரு பெற்றோர் கேட்டால் பள்ளி அலட்சியம் செய்யலாம். ஒரு வகுப்பே கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.