ஒரு மைக், இரண்டு பதிவுக் கருவிகள்: தங்கவயலுக்கு வரும் ஆய்வாளர்களுக்கு

கோலார் தங்கவயலுக்கு வாய்மொழி வரலாறு சேகரிக்க வருவோர் இனி ஒற்றைப் பதிவுக் கருவியோடு வரக் கூடாது என்பது என் கருத்து. ஒரே மைக்கில் பிடிபடும் குரல் ஒரே வேளையில் இரண்டு கருவிகளில் பதிவாக வேண்டும். பேட்டி முடிந்ததும் ஒரு பதிவு ஆய்வாளரின் பையில் போகட்டும். மற்றொன்று பேசியவர் வீட்டிலேயே தங்கட்டும். இதை ஒரு தொழில்நுட்பக் குறிப்பாக மட்டும் சொல்லவில்லை. இது ஆய்வு நெறி பற்றிய கேள்வி. ஆயினும் அதன் விடை ஒரு கேபிளில் தொடங்குவதால் கேபிளைப் பற்றியும் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. 1960-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கியவர்கள், ‘ஏர் பிளாஸ்ட்’ என்று இவ்வூர் அழைத்த பாறை வெடிப்பின் அதிர்வை உடலால் அறிந்தவர்கள், ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே போகிறார்கள். பாறையின் ஓசையைக் கேட்பதற்கு இங்கே கருவிகள் இருந்தன. தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமே 1988-இல் இவ்வூரில்தான் தொடங்கப்பட்டது. பாறைக்குள் நின்ற மனிதரின் ஓசைக்கு அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தாரும் ஆவணப்பட இயக்குநர்களும் யூடியூப் நண்பர்களும் வருகிறார்கள், பதிகிறார்கள், போகிறார்கள்.

மாரிகுப்பத்தில் ஒரு பாட்டி என்னிடம் கேட்டார்: “போன தடவை வந்தவங்க எங்க வீட்டுக்காரர் பேசினத எடுத்துக்கிட்டுப் போனாங்களே தம்பி, அது இப்ப எங்க இருக்கு?” அவர் கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் அவருடைய புகைப்படம் இருந்தது, குரல் இல்லை. பதிவு செய்தவர் பெயரும் பாட்டிக்கு நினைவில்லை.

‘பிறகு பிரதி அனுப்பினால் போதாதா, எதற்கு இந்த இரட்டை வேலை?’ என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அனுப்புவதாகச் சொல்வோர் பெரும்பாலும் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் ஆய்வேடு முடிகிறது, கைபேசி எண் மாறுகிறது, வன்தட்டு பழுதாகிறது. மேலும், பிறகு அனுப்பப்படும் பிரதி ஆய்வாளர் மனம் வைத்தால் கிடைப்பது. அதே நேரத்தில் பதிவாகும் பிரதி அப்படியன்று. அது முதல் நொடியிலிருந்தே பேசுபவருடையது. வேண்டாம் என்று தோன்றினால் தம் கருவியை அவரே நிறுத்தலாம். எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது.

இவ்வூரின் வரலாறே இதற்குச் சான்று சொல்லும். அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. அவர் மறைவுக்குப் பின் ‘தமிழன்’ இதழை 1926-இல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் மீண்டும் கொண்டுவந்தார். ஞான அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ 1999-இல் வெளிவர முடிந்ததற்கு, அன்பு பொன்னோவியம் போன்ற தனிமனிதர்கள் பழைய இதழ்களைப் பாதுகாத்து வைத்திருந்தது பெருங்காரணம். பெரிய நூலகங்களின் தயவில் மட்டும் விட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காகிதத்துக்குப் பொருந்தியது குரலுக்கும் பொருந்தும்.

இனிக் கேபிளுக்கு வருகிறேன். மைக்கிலிருந்து வரும் மின்குறிப்பு மிக மெல்லியது. சில மில்லிவோல்ட் அளவே இருக்கும். அதை இரண்டாகப் பிரித்தால் பாதியாகிவிடும் என்பது பரவலான அச்சம். மேடைகளில் கையில் பிடித்துப் பேசும் டைனமிக் வகை மைக்குக்கு அந்த அச்சம் தேவையில்லை. மைக்கின் மின்மறிப்பு 200 ஓம், ஒவ்வொரு கருவியின் உள்ளீட்டு மின்மறிப்பு 2000 ஓம் என்று கொள்வோம். இரண்டையும் ஒய் கேபிளால் இணைத்தால் மைக்கின் மீதுள்ள சுமை 1000 ஓம் ஆகும். ஒலியளவு குறைவது ஒரு டெசிபெலுக்கும் கீழே. காது அதைக் கண்டுகொள்ளாது.

கண்டென்சர் மைக் என்றால் கதை வேறு. அதற்குக் கருவியிலிருந்து 48 வோல்ட் செல்ல வேண்டும். சாதாரண ஒய் கேபிளில் அந்த மின்னழுத்தம் மற்றொரு கருவியின் உள்ளீட்டையும் போய்த் தட்டும். டிரான்ஸ்பார்மர் பொருத்திய ஸ்பிளிட்டர் இதற்காகவே இருக்கிறது: நேரடி வழியில் இணைந்த கருவி மைக்குக்கு மின்சாரம் தரும், மற்ற வழியில் டிரான்ஸ்பார்மர் நேர்மின்னோட்டத்தைத் தடுத்து ஒலியை மட்டும் கடத்தும். இரு கருவிகளையும் சுவரிலுள்ள பிளக்கில் செருகினால் எர்த் வழியாக 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நுழையக்கூடும். பேட்டரியில் ஓட்டுங்கள், அந்தத் தொல்லை இராது.

சட்டையில் மாட்டும் சிறு மைக்குகளைப் பிரிப்பது நம்பத்தக்கதன்று. அவையும் கருவியிடமிருந்து சில வோல்ட் வாங்கியே இயங்குபவை. இரு பக்கமிருந்தும் மின்னழுத்தம் வந்தால் என்ன ஆகும் என்பது கருவிக்குக் கருவி மாறும். கடைவீதியில் கிடைக்கும் மலிவான ஸ்பிளிட்டர்களோ பெரும்பாலும் இரண்டு ஹெட்போனில் பாட்டுக் கேட்பதற்காகச் செய்யப்பட்டவை.

ஒரு பொறியைத் தனியே சொல்ல வேண்டும். எக்ஸ்எல்ஆர் மைக்கைப் பொருந்தாத கேபிள் மூலம் 3.5 மிமீ ஸ்டீரியோ உள்ளீட்டில் செருகினால் இடப்புறமும் வலப்புறமும் ஒரே குரல் எதிரெதிராகப் பதிவாகும். ஹெட்போனில் கேட்கும் ஆய்வாளருக்குக் குரல் சற்று விநோதமாக ஒலிக்குமே தவிரக் கேட்கும். ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட கைபேசியில் இரண்டும் கூடி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். குரல் ஏறக்குறைய மறைந்தே போகும். கைபேசியில் கேட்கப் போகிறவர்கள் வீட்டார்தாம். ஆகவே கிளம்புமுன் அவர்கள் கைபேசியிலேயே ஒரு நிமிடம் ஒலிக்கவிட்டுப் பாருங்கள்.

முதல் கருவியின் ஹெட்போன் துளையிலிருந்து இரண்டாவதற்கு ஒலி எடுப்போரும் உண்டு. முதல் கருவி நின்றால் இரண்டாவதும் ஊமையாகும். வீட்டார் பிரதி மறுபடியும் ஆய்வாளரின் கருவியை நம்பித் தொங்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஆய்வாளருக்கும் இதில் ஆதாயம் உண்டு. சிலிகோசிஸ் அரித்த நுரையீரலோடு பேசும் முதியவரின் குரல் மெலிந்திருக்கும். அதற்கேற்ப அளவைக் கூட்டி வைத்தால், திடீரென்று வரும் இருமலில் பதிவு உடைந்துவிடும். இரண்டாம் கருவியை 12 டெசிபெல் குறைத்து வைத்திருந்தால் உடைந்த இடத்தை அதிலிருந்து மீட்கலாம். ஆவணக் காப்பகங்கள் கேட்கும் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு மணி நேர மோனோப் பதிவு சுமார் 518 எம்பி இடம் பிடிக்கும். வீட்டார் பிரதிக்கு 128 கேபிபிஎஸ் போதும். அது 58 எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் மகளுக்கும் அனுப்பலாம்.

அனுப்பலாம் என்னும்போதே வலுவான மறுப்பும் வருகிறது. திருத்தப்படாத பதிவில் தொழிற்சங்கச் சண்டைகள் இருக்கும், சாதியின் பெயரால் பட்ட அவமானங்கள் இருக்கும், அடுத்த லைன் வீட்டாரைப் பற்றிய பேச்சும் இருக்கும். அது ஊரில் உலவினால் பகை வளராதா? வளரக்கூடும். அந்த அபாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே பேச்சு தொலைவிலுள்ள ஒரு நகரத்தில், பேசியவர் அறியாத கைகளில் இருப்பதைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்பட்டதுண்டா? தம் அண்டை அயலாரை நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நாம் செய்யக்கூடியது, பேட்டி தொடங்குமுன் இதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதும், எந்தப் பகுதியை அழிக்கலாம் என்று முடிவில் உட்கார்ந்து பேசுவதும்தான்.

ஒப்புதல் படிவத்தில் நான் சேர்த்துக்கொள்ளும் வரி இது: ‘இரண்டாம் பதிவு பேசியவரின் உடைமை, அதை வைத்திருக்கவோ, பகிரவோ, அழிக்கவோ அவருக்கு ஆய்வாளரின் அனுமதி தேவையில்லை.’ முழுப் படிவமும் தமிழில் இருக்கிறது. உள்பெட்டியில் கேட்போருக்கு அனுப்புகிறேன். கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆக்கித் தர முன்வருவோர் இருந்தால் தெரிவியுங்கள்.